ஆங்கிலம் புரியுது, எழுதவும் வருது... பேசும்போது மட்டும் ஏன் திணறுது?

ஆவடியில் மின்சார ரயில் ஏறி, பட்டரவாக்கத்தில் இறங்கி, அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு இன்டர்வியூ போகிற பட்டதாரிகள் பலருக்கும் இருக்கும் கவலை ஒன்றுதான். கேள்வி புரிகிறது, பதிலும் தெரியும், ஆனால் வாய் வருவதில்லை. பன்னிரண்டு வருடம் பள்ளியில், மூன்று வருடம் கல்லூரியில் ஆங்கிலம் படித்தும் ஏன் இப்படி?

அம்பத்தூர் எஸ்டேட் 1960-களில் தொழிற்சாலைகளுக்காக உருவான இடம். அங்கே லேத் பட்டறைக்கு ஆங்கிலப் பேச்சு பெரிதாகத் தேவைப்படவில்லை, டிராயிங் படிக்கத் தெரிந்தால் போதும். இன்று அதே எஸ்டேட்டில் ஐ.டி. பார்க்குகளும் பி.பி.ஓ. நிறுவனங்களும் இருக்கின்றன. அங்கே வேலையே பேச்சுதான். ஒரே டிகிரி, ஒரே மார்க் வாங்கிய இரண்டு பேரில் யாருக்கு ஆஃபர் லெட்டர் என்பதை முதல் ஐந்து நிமிடப் பேச்சே முடிவு செய்துவிடலாம்.

டீக்கடைத் தமிழும் பாடப்புத்தகத் தமிழும்

காரணத்தைப் புரிந்துகொள்ள தமிழையே பார்க்கலாம். அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டில் யாராவது "எனக்கு ஒரு தேநீர் வேண்டும்" என்று கேட்பார்களா? "அண்ணா, ஒரு டீ", அவ்வளவுதான். எழுதுவது ஒன்று, பேசுவது வேறொன்று. மொழியியலில் இதை இரட்டை வழக்கு என்பார்கள். அமெரிக்க மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன் 1959-ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு உலகம் முழுக்க பேசப்பட்ட விஷயம் இது. இதற்கு உதாரணம் கேட்டால் தமிழைத்தான் பலரும் காட்டுவார்கள்.

ஆங்கிலத்தில் இந்த இடைவெளி தமிழ் அளவுக்குப் பெரிதல்ல. ஆனால் இருக்கிறது. நம் வகுப்பறையில் சொல்லிக்கொடுத்தது எழுத்து ஆங்கிலம் மட்டும்தான். அதை அப்படியே பேசினால், டீக்கடையில் தேநீர் கேட்ட கதைதான். 'ஐ ஆம் நாட் ஏபிள் டு அண்டர்ஸ்டாண்ட்' என்பதில் தப்பே இல்லை. பேச்சில் அவர்கள் சொல்வது 'ஐ டோன்ட் கெட் இட்'. 'வாட் ஆர் யூ டூயிங்' என்ற நான்கு வார்த்தை அவர்கள் வாயில் 'வாட்டர்யூ டூயிங்' என்று ஒட்டிக்கொள்ளும். படிக்கும்போது எளிதாக இருந்த வாக்கியம் காதில் விழும்போது புரியாமல் போவதும் இதனால்தான்.

அடுத்தது அழுத்தம். தமிழில் ஒவ்வொரு அசைக்கும் ஏறக்குறைய சமமான பலம் கொடுத்துப் பேசுகிறோம். ஆங்கிலத்தில் ஒரு அசை தூக்கலாகக் கேட்கும், மற்றவை அமுங்கிவிடும். 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதல் அசை தூக்கல். 'ஃபொட்டாக்ரஃபர்' என்றால் இரண்டாவது அசைக்கு மாறிவிடும். 'டெவலப்' என்பதை நம்மில் பலர் 'டெ'-யில் அழுத்துகிறோம், அவர்கள் 'வெ'-யில் அழுத்துகிறார்கள். கஷ்டமான வார்த்தைகளை மனப்பாடம் செய்வதைவிட, தெரிந்த வார்த்தைகளின் அழுத்தத்தைச் சரிசெய்வது சீக்கிரம் பலன் தரும்.

மனசுக்குள் மொழிபெயர்த்தால்?

'நேத்துதான் வந்தாரு' என்பதில் உள்ள 'தான்', 'எஸ்டர்டே ஒன்லி ஹி கேம்' என்று ஆங்கிலத்துக்குள் நுழைந்துவிடும். 'போயிட்டு வர்றேன்' என்பது 'ஐ வில் கோ அண்ட் கம்' ஆகிவிடும். சென்னையில் எல்லாருக்கும் இது புரியும், கிண்டல் செய்ய இதில் ஒன்றும் இல்லை. வெளிநாட்டு வாடிக்கையாளர்தான் ஒரு நொடி குழம்புவார். தனி வார்த்தைகளாக இல்லாமல் முழு வாக்கியமாகவே பழகிக்கொண்டால், மொழிபெயர்க்கிற வேலை குறையும்.

சரி, அமெரிக்கர் மாதிரி பேச வேண்டுமா? வேண்டாம். வெளிநாட்டுப் படிப்புக்காக எழுதும் ஐஇஎல்டிஎஸ் தேர்வின் பேச்சுப் பகுதியில் சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என நான்குக்கும் சம மதிப்பெண். தமிழ் வாடை அடிக்கிறது என்பதற்காக மட்டும் மார்க் குறையாது. பேசுவது புரிய வேண்டும்.

எப்படிப் பழகுவது?

நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷன் பரிந்துரைக்கும் '4-3-2' முறை இன்டர்வியூவுக்குக் கச்சிதம். 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்' கேள்விக்கு நண்பர் ஒருவரிடம் நான்கு நிமிடம் பேசவும். அதே விஷயத்தை இன்னொருவரிடம் மூன்று நிமிடத்தில், மூன்றாவது ஆளிடம் இரண்டு நிமிடத்தில் சொல்லவும். விஷயம் புதிதல்ல என்பதால் தயக்கம் குறைந்து வேகம் கூடும். ஆள் கிடைக்காவிட்டால் போனில் ரெக்கார்ட் செய்து கேட்கலாம். முதல் முறை நம் குரலைக் கேட்கக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும்.

காசு கட்டி கோச்சிங் சேரும் முன் இலவச வழிகளைப் பார்த்துவிடுவது நல்லது. 2022 மார்ச் 1-ல் தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியும் உண்டு. மாணவர்கள் தங்கள் கல்லூரியிலேயே விசாரிக்கலாம். படிப்பை முடித்தவர்களுக்கு பிபிசி-யின் 'சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்' இருக்கிறது. ஆறு நிமிட நிகழ்ச்சி, எழுத்து வடிவமும் கிடைக்கும். ஒரு வரி கேட்டு, நிறுத்தி, அதே ராகத்தில் திருப்பிச் சொல்ல வேண்டும். ஆவடியிலிருந்து பட்டரவாக்கம் வருவதற்குள் ஒரு எபிசோடாவது கேட்டுவிடலாம். ரயிலில் வாய்விட்டுப் பேசக் கூச்சமா? காதில் இயர்போன் இருந்தால், போனில் யாரிடமோ பேசுவதாகத்தான் பக்கத்து சீட்காரர் நினைப்பார்.