இரட்டை எழுத்துச் சென்ட்

1955ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் சிகரெட் வாங்கிய சிலருக்கு ஒரு வியப்புக் காத்திருந்தது. அங்கிருந்த தானியங்கிப் பொறிகளில் ஒரு பெட்டியின் விலை 23 சென்ட். 25 சென்ட் நாணயத்தைப் போட்டால் பெட்டி வந்து விழும். மீதி இரண்டு சென்ட்டைப் பெட்டியின் மேலுள்ள கண்ணாடித் தாளுக்குள் முன்பே செருகி வைத்திருப்பார்கள். அப்படிக் கிடைத்த லிங்கன் தலை சென்ட்டுகள் சிலவற்றில் ஆண்டு எண்ணும் எழுத்துகளும் இரண்டிரண்டாகத் தெரிந்தன. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாலும் இரண்டுதான்!

அவை பிலடெல்பியா நாணயச்சாலையில் ஓர் இரவு வேலையின்போது பிறந்தவை. சுமார் 40,000 நாணயங்கள் அடிக்கப்பட்ட பிறகே பிழை கண்ணில் பட்டது. அதற்குள் 20,000க்கு மேற்பட்டவை வேறு பொறிகளிலிருந்து வந்த நல்ல நாணயங்களோடு கலந்துவிட்டன. அவற்றைப் பொறுக்கி எடுப்பது ஆகிற காரியமா? முழுக் குவியலையும் உருக்குவதைவிட, போகட்டும் என்று விட்டுவிடுவதே மேல் என அதிகாரிகள் முடிவு செய்தனர். கலக்காமல் இருந்தவை மட்டும் அழிக்கப்பட்டன.

பிழை எப்படி நேர்ந்தது? நாணயத்தில் எழுத்து மேடாக இருக்க வேண்டுமானால், அதை அடிக்கும் அச்சில் எழுத்து குழிவாக இருக்க வேண்டும். அந்தக் குழிவை உண்டாக்க, எழுத்து மேடாக அமைந்த ஒரு தாயச்சை உருக்குத் துண்டின்மேல் பெரும் விசையோடு அழுத்துவார்கள். அக்காலத்தில் ஒரே அழுத்தத்தில் உருவம் முழுதாகப் பதியவில்லை. அழுத்தப்பட்ட உருக்கு இறுகிக் கடினமாகிவிடும். ஆகவே அதைச் சூடேற்றி ஆறவிட்டு, இளகிய பின் மறுபடியும் அதே இடத்தில் பொருத்தி அழுத்த வேண்டியிருந்தது. 1955இல் இந்த இரண்டாம் பொருத்தம் சற்றே திரும்பிவிட்டது. சென்ட்டின் விட்டம் 19 மில்லிமீட்டர். ஒரு பாகை திரும்பினால் விளிம்பில் 0.17 மில்லிமீட்டர் நகர்வு ஏற்படும். மையத்திலிருந்து 3 மில்லிமீட்டர் தள்ளியுள்ள இடத்திலோ 0.05தான். விளிம்போர எழுத்துகள் பளிச்சென்று இரட்டிக்க, நடுவிலுள்ள லிங்கனின் முகம் ஏறக்குறைய ஒற்றையாகவே தோன்றுவதற்குக் காரணம் இதுவே.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிழை அச்சில் இருக்கிறது. நாணயத்தை அடித்த விதத்தில் இல்லை. ஆகையால் அந்த அச்சில் பிறந்த ஒவ்வொரு நாணயத்திலும் இரட்டிப்பு ஒரே இடத்தில், ஒரே அளவில், ஒரே திசையில் அமைந்திருக்கும். இரண்டு உருவங்களும் மேடாக, முழு வடிவோடு நிற்கும். எழுத்து வழக்கத்தைவிட அகன்றிருக்கும். அதன் முனைகளில் பிளவுபட்டது போன்ற சிறு வெட்டு காணப்படும்.

வேடிக்கை என்னவென்றால், இதே 1955ஆம் ஆண்டு இதற்கு ஒரு போலி உறவினனையும் பெற்றது. அவ்வாண்டு பிலடெல்பியாவில் 33 கோடிக்கு மேற்பட்ட சென்ட்டுகள் அடிக்கப்பட்டன. ஓய்வின்றி உழைக்கும் அச்சு தேயத்தானே செய்யும்? ஒவ்வோர் அடியிலும் உலோகம் விளிம்பை நோக்கி வழிந்து எழுத்தின் ஓரங்களை அரிக்கிறது. விளைவாகச் சில நாணயங்களில் கடைசி 5க்குப் பக்கத்தில் நிழல் போன்ற இன்னொரு 5 தெரியும். கரை தெளிவில்லாத வெறும் வீக்கம் அது. சேகரிப்போர் இதை 'ஏழையின் இரட்டை அச்சு' என்று கேலியாக அழைத்தனர். உண்மையான இரட்டை அச்சு ஆயிரம் டாலருக்கு மேல் விலைபோக, இது சில்லறைக் காசோடு நின்றுவிட்டது. பெயரைக் கேட்டு ஏமாந்து வாங்கியவர்கள்தாம் பாவம்.

இன்னொரு வகையும் உண்டு. அடித்து முடித்த கணத்தில், தளர்ந்த அச்சு சற்று அதிர்ந்து எழுத்தின் பக்கத்தை நசுக்கிவிடும். அப்போது எழுத்தோரம் தட்டையான படிக்கட்டு போல் ஆகும். எழுத்து அகலாது, மாறாக அதன் மேடு மெலியும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் முதலில் பார்க்க வேண்டியது இந்த அகலத்தைத்தான்.

1982இல் செம்பு விலை உயர்வால் அமெரிக்கச் சென்ட்டின் உட்பகுதி துத்தநாகமாயிற்று. மேலே மெல்லிய செம்பு முலாம். அத்துடன் புதிய குழப்பமும் வந்தது. அடியின் விசையில் எழுத்தோரத்து முலாம் கிழிந்தால், உள்ளிருக்கும் துத்தநாகம் வெண்சாம்பல் கோடாக வெளியே தெரியும். இதைப் பலர் இரட்டை எழுத்தென்று கொண்டாடுகிறார்கள். நிறத்தைப் பார்த்தாலே போதும். உண்மை இரட்டிப்பில் இரு உருவமும் செம்பு நிறந்தான். ஆனால் முலாம் பூசிய நாணயம் என்பதற்காகவே தள்ளிவிடவும் கூடாது. 1995ஆம் ஆண்டின் புகழ்பெற்ற இரட்டை அச்சுச் சென்ட் துத்தநாகத்தில் பிறந்ததே.

நிபுணர்களுக்கும் இது எளிதாக இருந்ததில்லை. 1969ஆம் ஆண்டு எண்ணோடு இரட்டை அச்சுக் கள்ளச் சென்ட்டுகள் பிடிபட்ட சமயம், அதே ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் தவறி அடிக்கப்பட்ட உண்மையான சிலவற்றையும் கள்ளநாணயம் என்று அரசு இரகசியச் சேவையினர் கைப்பற்றினர். அவை நாணயச்சாலையிலேயே பிறந்தவை என்பது பின்னரே ஏற்கப்பட்டது.

1955க்கும் கள்ளச் சென்ட்டுகள் ஏராளம். ஆகவே அதைச் சோதிப்பவர்கள் இரட்டை எழுத்துகளோடு நிறுத்தாமல் நாணயத்தைத் திருப்பிப் பார்க்கிறார்கள். பின்புறத்தில் 'சென்ட்' என்ற சொல்லிலுள்ள 'டி' எழுத்தின் இடப்புறம், அச்சை மெருகிட்டபோது விழுந்த மயிரிழை போன்ற செங்குத்துக் கீறல் இருக்கிறதா என்று தேடுகிறார்கள்.