கைலும் வஸ்னும்: வெடிமருந்தை அளக்கும் கலை

குறிபார்த்துச் சுடுதலை விளையாட்டாகக் கொண்ட அமெரிக்கரும் ஐரோப்பியரும், சுட்டு முடித்த பித்தளைத் தோட்டா உறைகளை எறிந்துவிடாமல், அவற்றில் புதிதாக மருந்தும் குண்டும் இட்டு மீண்டும் பயன்படுத்துவதுண்டு. அவ்வேலையில் இறங்குவோர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, மருந்தை எதனால் அளப்பது என்பதாகும். முகந்து கொட்டும் அளவையா, நிறுக்கும் தராசா? பிக்ஹு நூல்களை ஓதியவர்களுக்கு இவ்வினா புதியதன்று. கைல், வஸ்ன் என்று நம் இமாம்கள் பிரித்துப் பேசியது இதையேயாகும்.

பொன்னும் வெள்ளியும் நிறுக்கப்படுபவை. கோதுமை, வாற்கோதுமை, பேரீத்தம்பழம், உப்பு ஆகியவை முகக்கப்படுபவை. ஷாபிஈ மத்ஹபில் கோதுமைக்குக் கோதுமை மாற்றும்போது சமநிலையை முகத்தலால்தான் உறுதி செய்ய வேண்டும், நிறுத்தல் போதாது. ஒரே மரக்கால் கோதுமை, இனத்தாலும் ஈரத்தாலும் எடை வேறுபடும் என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தனர். ஹனபி மத்ஹபின் இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்களோ, எது முகக்கப்படுவது, எது நிறுக்கப்படுவது என்பதில் வழக்கத்துக்கு இடமளித்தார்கள்.

வெடிமருந்தில் வழக்கம் மாறியது. பொருளே மாறியதுதான் காரணம். பழைய கரிமருந்தைக் குழல்வாய் வழியாக இட்டவர்கள் சிறு குப்பியால் முகந்தே இட்டனர். அத்துப்பாக்கிகளை விரும்புவோர் இன்றும் அவ்வாறே செய்கின்றனர். 1884இல் பிரெஞ்சு வேதியியலார் போல் வியேய் புகையற்ற மருந்தை உருவாக்கிய பின் நிலைமை வேறாயிற்று. அதன் ஆற்றல் மிகுதி. சிறிது கூடினாலும் அழுத்தம் கடுமையாக ஏறும். குழல் வெடித்தால் சுடுபவரின் கண்ணும் கையும் போகும். அதன் வடிவங்களும் பல. உருண்டையான மணிகள் அளவையில் சீராக வழியும். நீண்ட குச்சி போன்றவை இடையில் சிக்கி, ஒருமுறை கூடவும் ஒருமுறை குறையவும் விழும். ஆகவே கவனமுள்ளவர்கள் அளவையால் சற்றுக் குறைவாக இட்டு, எஞ்சியதைத் தராசுத் தட்டில் சில மணிகளாகத் தூவி நிரப்புகின்றனர். ஒன்றைத்தான் வாங்க இயலும் என்றால் தராசையே வாங்க வேண்டும் என்பது நமது கருத்து. அளவையைத் திருத்தி அமைப்பதற்கும் தராசுதானே வேண்டும்!

இவர்கள் நிறுக்கும் அலகின் பெயர் கிரெய்ன், அதாவது தானியமணி. அது 64.8 மில்லிகிராம், ஒரு பவுண்டுக்கு 7000. அதன் மூலம் வாற்கோதுமை மணி. நம் நூல்களில் மித்கால் என்பது உமி நீக்காத, இரு நுனிகளின் நீட்சி வெட்டப்பட்ட 72 நடுத்தர வாற்கோதுமை மணிகள், ஹனபிகளிடம் 100. 4.25 கிராம் தீனாரை 72ஆல் வகுத்தால் ஏறத்தாழ 59 மில்லிகிராம் வருகிறது. இரு உலகங்களும் ஒரே கதிரிலிருந்து மணி பொறுக்கியிருக்கின்றன.

ஹிஜ்ரி 694இல் (1295) மறைந்த ஹஸன் அர்ரம்மாஹ் தமது போர்க்கலை நூலில் வெடிமருந்துக் கலவைகளை திர்ஹம் எடையிலேயே தருகிறார். வெடியுப்பை மரச்சாம்பல் கொண்டு தூய்மைப்படுத்தும் முறையையும் விளக்குகிறார். அவருக்கு முன்பே, ஹிஜ்ரி 515இல் மர்வ் நகரத்து அல்காஸினீ ‘மீஸானுல் ஹிக்மா’வை எழுதினார். தமது ஐந்து தட்டுத் தராசு, ஆயிரம் மித்கால் எடையில் ஒரு ஹப்பாவின் வேறுபாட்டையும் காட்டும் என்கிறார். அந்நூல் நம் நாட்டு ஹைதராபாத்தில் அச்சேறியது என்பதை எத்தனை பேர் அறிவர்?

ஆயினும் நுண்மை கருவியில் மட்டும் இல்லை. ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டின் அஷ்ஷைஸரீ, முஹ்தஸிபுகளுக்கான தமது கையேட்டில் கூறுவன: தட்டில் படியும் எண்ணெயையும் அழுக்கையும் அடிக்கடி துடைக்க வேண்டும், தராசு அசைவின்றி நின்ற பிறகே பொருளை வைக்க வேண்டும், வைப்பதும் மெல்ல வைக்க வேண்டும், கட்டைவிரல் தட்டில் படக்கூடாது. பொன் நிறுப்பவன் தராசை முகத்தருகே உயர்த்தித் தட்டின் மீது மெல்ல ஊதுவான் என்றும் எச்சரிக்கிறார். இன்று மின்னணுத் தராசு வாங்குவோருக்கும் இவையே சொல்லப்படுகின்றன: மட்டமான மேசையில் வையுங்கள், மின்விசிறிக் காற்றுப் படவேண்டாம், தட்டைத் துடையுங்கள், வேலைக்கு முன் சோதனை எடைக்கல்லை இட்டுப் பாருங்கள். அன்று ஊதியவன் வாங்குபவரை ஏமாற்றினான். இங்கு அசட்டையாக நிறுப்பவர் தம் கண்ணையே பணயம் வைக்கிறார்.

சோதனைக் கல்லும் நமக்குப் பழையதே. உமையாக்கள் காலத்திலிருந்து எகிப்தில் தீனாரைச் சரிபார்க்க, ஆளுநர் பெயர் பொறித்த கண்ணாடி எடைகள் வார்க்கப்பட்டன. கண்ணாடி துருப்பிடிக்காது, யாரேனும் சுரண்டினால் அந்த இடம் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.