மண்டகப்பட்டுக் குடைவரை: கல்வெட்டு விலக்கும் பொருள்களும் உணர்த்தும் மரபும்

முன்னுரை

விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சிப் பகுதியை ஒட்டி அமைந்த சிற்றூர் மண்டகப்பட்டு. இங்குள்ள குன்றில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் கி.பி. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் குடைவித்த கோயில், தமிழகத்தின் முதற்குடைவரை என்றே பெரும்பாலும் குறிக்கப்பெறுகிறது. கல்வெட்டு இக்கருத்திற்கு இடந்தருகிறதா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கோயிலமைப்பு

முகப்பை இரு முழுத்தூண்களும் இரு அரைத்தூண்களும் தாங்குகின்றன. தூண்கள் மேலும் கீழும் சதுரமாகவும் இடையில் எண்பட்டையாகவும் அமைந்துள்ளன. முகப்பின் இருபுறமும் வாயிற்காவலர் சிற்பங்கள் உள்ளன. பின்சுவரில் மூன்று கருவறைகள் குடையப்பட்டுள்ளன. அவை இன்று வெறுமையாக உள்ளன.

கல்வெட்டுச் செய்தி

பல்லவ கிரந்த எழுத்தில் அமைந்த வடமொழிக் கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்குமின்றி, பிரமன், சிவன், திருமால் ஆகியோர்க்கு விசித்திரசித்தன் இக்கோயிலை அமைத்ததாகக் கூறுகிறது. விசித்திரசித்தன் என்பது மகேந்திரவர்மனின் விருதுப்பெயர். மூன்று கருவறைகள் அமைந்ததன் காரணமும் இதனால் விளங்குகிறது.

இது முதற்கோயில் எனக் கல்வெட்டு யாண்டும் கூறவில்லை. நான்கு பொருள்களை எடுத்துச்சொல்லி விலக்குவதால், அவற்றைக் கொண்டு கோயில் எடுப்பதே அந்நாளைய வழக்கம் என்பது பெறப்படும். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில் அகழ்ந்தறியப்பட்ட பழைய செங்கற்கோயில் இதற்கு அரண் செய்கிறது. மேலும், பாண்டிய நாட்டுப் பிள்ளையார்பட்டிக் குடைவரையை இதனினும் முற்பட்டதாகக் கொள்வாரும் உளர்.

முடிவுரை

ஆகவே, மண்டகப்பட்டுக் கல்வெட்டின் சிறப்பு ஒரு தொடக்கத்தை அறிவிப்பதில் மட்டும் இல்லை. மரத்தாலும் செங்கல்லாலும் எழுந்து அழிந்த கோயில்களுக்கு அழியாப் பாறையில் எஞ்சிய எதிர்மறைச் சான்றாகவும் அதனைக் கொள்ளுதல் தகும்.