ஆசிரியர் தகுதி ஒழுங்குமுறையும் பதிலி ஆசிரியர் ஏற்பாடும் (தமிழ்நாடு)

நிலையான ஆசிரியர் விடுப்பில் இருக்கும்போதும், பணியிடம் காலியாக இருக்கும் இடைக்காலத்திலும் வகுப்பை ஏற்று நடத்துபவர் பதிலி ஆசிரியர். ஆசிரியராக யார் வரலாம் என்று வரையறுக்கும் விதிகளும் பதிலிகளைத் திரட்டும் ஏற்பாடும் வெவ்வேறு நிர்வாகச் சிக்கல்களாகவே கையாளப்படுகின்றன. இரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதே தமிழ்நாட்டின் அனுபவம். தகுதியைக் கட்டாயமாக்கிவிட்டுத் தகுதியுள்ள பதிலிகளை ஆயத்தமாக வைக்காவிட்டால், விதியைத் தளர்த்தும் நெருக்கடி முதலில் அரசுக்கே வருகிறது.

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்துக்கு 1993ஆம் ஆண்டுச் சட்டம் அதிகாரம் அளித்தது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்கீழ், 2010 ஆகஸ்ட் 23 அன்று அக்குழுமம் வெளியிட்ட அறிவிக்கை, எட்டாம் வகுப்பு வரை கற்பிக்க வருவோருக்குத் தகுதித் தேர்வைக் கட்டாயமாக்கியது. 2012 ஜூலையில் தமிழ்நாட்டில் நடந்த முதல் தேர்வில் எழுதியோரில் ஒரு விழுக்காட்டினர்கூடத் தேறவில்லை. ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் உள்ள பணியிலிருக்கும் ஆசிரியர்களும் இத்தேர்வில் தேற வேண்டும் என 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, தகுதி விதி இறுகியே வந்திருக்கிறது. அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, காலிப்பணியிடங்கள் பத்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. ஆனால் ஆசிரியர் பணியில் இருந்தும் வகுப்பில் இல்லாத காலத்துக்கு அப்பிரிவு வழி சொல்லவில்லை.

இந்த இடைவெளி ஈராசிரியர் பள்ளியில் அப்பட்டமாகத் தெரியும். தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கான மகப்பேறு விடுப்பு 2016இல் ஒன்பது மாதமாகவும் 2021இல் பன்னிரண்டு மாதமாகவும் உயர்ந்தது. நியாயமான உரிமை அது. ஆனால் இருவரில் ஒருவர் அந்த விடுப்பில் சென்றால், ஒன்று முதல் ஐந்து வரை எல்லா வகுப்புகளும் மற்றவர் தலையில் விழுகின்றன. ஒரு வகுப்புக்கு வாய்ப்பாடு எழுதக் கொடுத்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் பாடம் நடத்த வேண்டியதுதான். பக்கத்துப் பள்ளியிலிருந்து ஒருவரை மாற்றுப்பணியில் அனுப்பினால் குறை அங்கே இடம் மாறுகிறது, அவ்வளவே. 2022இல் 13,331 காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் வழியாக, ரூ. 7,500 முதல் ரூ. 12,000 வரையிலான தொகுப்பூதியத்தில் தற்காலிகமாக நிரப்ப அரசு முனைந்தபோது, நியமன முறை குறித்த வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது.

தற்காலிகத் தேவைக்கு முழுத் தகுதி வேண்டுமா என்று கேட்கப்படலாம். சில நாள் விடுப்புக்கு அந்த வாதம் பொருந்தலாம். பன்னிரண்டு மாதம் என்பது ஒரு குழந்தைக்கு ஒரு முழு வகுப்பு. செலவு கூடும் என்பது அடுத்த தடை. ஆனால் ஓய்வு பெறும் நாள் பணிப்பதிவேட்டிலேயே இருக்கிறது. மகப்பேறு விடுப்பும் முன்கூட்டியே தெரிவது. முன்னறியக்கூடிய தேவைக்குத் திட்டமிட்டு ஒதுக்கும் பணத்தை வீண்செலவு எனக் கொள்ள முடியாது. கல்வியாண்டின் நடுவில் ஓய்வு பெறுவோரை ஆண்டு முடியும்வரை மறுநியமனம் செய்யும் வழக்கமே, நடுவில் வகுப்பைக் கைவிடக் கூடாது என்பதை அரசு ஏற்பதற்குச் சான்று. பதிலிகள் பின்னர் பணி நிரந்தரம் கேட்பார்கள் என்ற அச்சமும் உண்டு. 2012இல் ரூ. 5,000 ஊதியத்தில் அமர்த்தப்பட்ட பகுதிநேர ஆசிரியர்களின் நெடுநாள் போராட்டத்தை அதற்கு எடுத்துக்காட்டுவர். நிரந்தரத் தேவையைத் தற்காலிகப் பெயரில் நிறைவேற்றியதன் விளைவு அது. பதிலிப் பணியையே நிலையான பணியிடமாக்கினால் அச்சிக்கலின் வேர் அறும்.

ஸ்காட்லாந்தில் 1965ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த பொது ஆசிரியர் மன்றம் ஆசிரியர் பதிவேட்டைப் பேணுகிறது. அரசுப் பள்ளிகளில் பதிலியாக வருபவரும் அதில் பதிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டிலும் இதற்கான ஆட்கள் இருக்கிறார்கள். 2021 முதல் தகுதித் தேர்வுச் சான்று ஆயுள் முழுதும் செல்லும். தேறியும் பணி கிட்டாமல் பலர் காத்திருக்கின்றனர். அவர்களை மாவட்டவாரியாகப் பதிந்து, ஒவ்வொரு வட்டாரத்திலும் முழு ஊதியத்துடன் சில பதிலிப் பணியிடங்களை உருவாக்குவதே பொருத்தமான தீர்வு. தேர்வு மதிப்பெண் கற்பிக்கும் திறனை முழுமையாக அளக்காது என்பது உண்மை. ஆனால் பல பள்ளிகளில் பதிலியாகப் பணியாற்றும் காலமே அத்திறனை நேரில் மதிப்பிடும் வாய்ப்பையும் தரும். தகுதியுள்ள ஆசிரியரிடம் கற்பது மாணவரின் உரிமை என்றால், ஆசிரியரின் விடுப்பு நாளிலும் அந்த உரிமை செல்லுபடியாக வேண்டும்.