அழிவின் திங்கள், விழாவின் திங்கள்

தமிழ்க் கதைகளில் திருவிழாவை ஒட்டி வரும் சாவை, மகிழ்ச்சிக்கு நடுவே துயரத்தை வைத்து அழுத்தம் கூட்டும் உத்தி என்றே பெரும்பாலும் விளக்குகிறார்கள். அண்மைக்காலத் திரைப்படங்களுக்கு இது பொருந்தலாம். காப்பியத்துக்கும் கூத்துக்கும் பொருந்தாது. அவற்றில் சாவு விழாவைக் குலைப்பதில்லை. சாவிலிருந்தே விழா பிறக்கிறது.

சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில், மதுரை எரிவதற்கென முன்பே குறிக்கப்பட்ட நாளை மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் சொல்கிறது: ஆடித் திங்கள், தேய்பிறை அட்டமி, கார்த்திகை, வெள்ளிக்கிழமை. அன்று நகரில் விழா நடந்ததாகக் காப்பியம் சொல்லவில்லை. ஆனால் நூலின் முகப்பிலுள்ள உரைபெறு கட்டுரை, இலங்கை மன்னன் கயவாகு கண்ணகிக்குக் கோட்டம் எடுத்து அதே ஆடித் திங்களில் விழா நடத்தியதாகக் கூறுகிறது. ஊர் எரிந்த மாதமே தெய்வத்துக்கு உரிய மாதமாகிவிட்டது. மதுரை எரிந்த பின் வறண்ட பாண்டிநாட்டுக்கு மழையும் அப்படித்தான் திரும்புகிறது: கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டு விழாவெடுத்த பிறகே வறட்சி நீங்குகிறது. மணிமேகலை இதன் மறுபக்கம். மகனை இழந்த துயரில் சோழன் நெடுமுடிக்கிள்ளி 28 நாள் இந்திர விழாவை மறக்கிறான். கடல் புகாரைக் கொள்கிறது. விழா என்பது தெய்வத்துக்குச் செலுத்தும் கடன். நிலுவை வைத்தால் அழிவு வந்து வசூலிக்கும்.

கோவலனும் மாதவியும் பிரிவது இந்திர விழாவை ஒட்டித்தானே, அது வெறும் முரண் உத்தி இல்லையா என்று கேட்கலாம். ஆனால் கானல்வரிப் பிரிவு விழாவின் நடுவே நிகழவில்லை. விழா முடிந்து கடலாடப் போன இடத்தில் நிகழ்கிறது. விழாவின் காவல் நீங்கிய பிறகே ஊழ் உள்ளே நுழைகிறது.

காட்டுப்பாக்கம், பூந்தமல்லி உள்ளிட்ட தொண்டை மண்டலத்தின் திரௌபதியம்மன் விழாக்களில் இந்த மரபு கண்கூடு. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து என நாள்கணக்கில் நீளும் கதை படுகளத்தில் முடிகிறது. திறந்த வெளியில் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடக்கிறான். பீமன் வேடக்காரர் தொடையில் அடிக்க, உள்ளே வைத்த செந்நீர் வெளிப்படுகிறது. அதைத் தொட்டுத் திரௌபதி தன் சபதப்படி கூந்தலை முடிக்கிறாள். அதன் பிறகுதான் தீமிதி. இது சடங்கு, புனைவல்ல என்று மறுப்பவர்கள், அந்த அடியும் சபதமும் வில்லிபாரத வழிக் கதையிலிருந்தே களத்துக்கு வந்தவை என்பதை மறக்கிறார்கள். சாவு இல்லையேல் இங்கே விழாவுக்கு உச்சமே இல்லை.

முறிவு திரைப்படத்தில் நேர்கிறது. 1992இல் வெளிவந்த 'தேவர் மகன்' படத்தில் ஊர்த் திருவிழாவில் குண்டு வெடிக்கிறது. பிறகு நடக்கும் மோதலில் நாயகனின் வெட்டில் எதிரியின் தலை விழுகிறது. அந்த வெட்டு கோட்டமாகவில்லை, விழாவாகவில்லை. அவன் கைதாகி ஊரைவிட்டுப் போகிறான். கொலைக்கணக்கை விழாவிடமிருந்து சட்டம் வாங்கிக்கொண்டது. திருவிழாவுக்கு எஞ்சியது கூட்டமும் மேளமும் மட்டுமே. முரண் உத்தி என்ற விளக்கம் செல்லுபடியாவது இந்த மாற்றத்துக்குப் பிறகுதான். அதைக் காப்பியத்தின் மேல் ஏற்றினால், கயவாகு ஏன் ஆடியைத் தேர்ந்தான் என்பதற்குப் பதில் கிடைக்காது.