அய்யாற்றுத் தலைநீரின் அமிலத்தன்மை: ஓர் அளவீட்டை வாசிக்கும் முறை பற்றி

கொல்லிமலையின் மேட்டுநிலத்தில் ஊறி, அறப்பளீசுவரர் கோயிலை அடுத்து ஓடி, ஆகாய கங்கையாக வீழ்ந்து, புளியஞ்சோலை வழியே திருச்சிராப்பள்ளி மாவட்டத்துச் சமவெளியில் இறங்கும் அய்யாற்றின் தலைநீர் அமிலமாகிவிட்டது என்றும், மேட்டூர் அலுமினிய ஆலைக்காக மலையுச்சியில் பாக்சைட் தோண்டியதே அதற்குக் காரணம் என்றும் கருதுவோர் உளர். அதற்கு அவர்கள் காட்டும் பிரமாணம் பெரும்பாலும் ஒன்றே: நீரின் பி.எச். 6.5-க்குக் கீழே நிற்கிறது என்பது. அவ்வளவீட்டை நான் மறுக்கவில்லை. அதன்மீது கட்டிய அனுமானத்தையே மறுக்கிறேன்.

6.5 என்பது குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500) வகுத்த கீழெல்லை, மலையோடையின் இயல்பை அளப்பதற்கென்று ஏற்பட்டதன்று. மாசற்ற மழைநீரே காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு 5.6 அளவில் நிற்பது. அம்மழை சோலை மண்ணுக்குள் இறங்குகையில், வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிட்டு மண்ணிடுக்குகளில் பன்மடங்கு செறிந்து கிடக்கும் அதே வாயுவை மேலும் ஏற்கிறது. கீழுள்ள சார்னோக்கைட் பாறையோ மிக மெதுவாகச் சிதைவது. அதன்மேற் படிந்த செம்பாறையோ தன் சுண்ணத்தையும் மக்னீசியத்தையும் என்றோ இழந்துவிட்டது. இத்தகைய நிலத்தில் ஊற்று நீரின் பி.எச். குறைந்திருப்பது வியப்பன்று, குறையாதிருந்தால்தான் விசாரிக்க வேண்டும்.

இங்கேதான் அளக்கும் முறையைப் பரிசீலிக்க வேண்டியிருக்கிறது. மலையில் பாட்டிலில் பிடித்த நீரைத் திருச்சிக்குக் கொண்டுவந்து மறுநாள் சோதனைச் சாலையில் அளந்தால், வாயு ஓரளவு வெளியேறி பி.எச். உயர்ந்துவிடக்கூடும். 'அப்படியாயின் ஓடையின் உண்மையான பி.எச். இன்னும் குறைவு, எங்கள் வாதமே வலுப்படுகிறது' என்று எதிர்த்தரப்பார் கூறலாம். அவர்கள் கூற்றின் முற்பகுதி சரி; பிற்பகுதி பொருந்தாது. கரைந்த கரியமில வாயு பி.எச்.-ஐத் தாழ்த்துமேயன்றி, அமிலத்தை ஈடுகட்டும் நீரின் கார இருப்பில் ஓர் அணுவும் குறைக்காது. கந்தகாமிலம் போன்ற கனிம அமிலமோ அவ்விருப்பையே தின்றுவிடும். இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு: ஓடைக்கரையிலேயே ஒரு குவளை நீரில் சிறிது நேரம் காற்றைச் செலுத்தி, முன்னும் பின்னும் அளப்பது. வாயுவால் வந்த அமிலத்தன்மை காற்றோடு போய்விடும். கனிம அமிலம் அசையாது. ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து சிதறி விழும் ஆகாய கங்கை இப்பரிசோதனையை இடைவிடாமல் தானே நடத்திக்கொண்டிருக்கிறது. அருவியின் தலையிலும் அடியிலும் ஒரே வேளையில் அளந்து பார்க்காமல் அமிலமாதலைப் பற்றிப் பேசுவதை என்னால் ஏற்க இயலவில்லை.

சுரங்கத்தால் உண்மையிலேயே அமிலமான ஓடைகளை மேகாலயத்தின் ஜயந்தியா மலைகளில் காணலாம். அங்கே நிலக்கரியோடு கலந்த இரும்புக் கந்தகக் கனிமம் காற்றும் நீரும் பட்டுக் கந்தகாமிலத்தைப் பிறப்பிக்க, லூகா ஆறு குளிர்காலத்தில் நீலமாகவே மாறியது. பாக்சைட்டில் அக்கனிமம் சொல்லும்படியாக இல்லை. பாக்சைட் தோண்டப்பட்ட இடத்தில் மேல்மண் அழிந்தது, மழைக்காலத்தில் செந்நீர் வடிந்தது என்பன வேறு குற்றச்சாட்டுகள். அவற்றை நான் தள்ளவில்லை. மேலும், அலுமினியம் மலிந்த இம்மண்ணில் கனிம அமிலம் பெருகியிருந்தால், கரைந்த அலுமினியம் மீன்களின் செவுள்களை முதலில் தாக்கியிருக்கும். நார்வே நாட்டு ஆறுகளில் மீன்கள் மடிந்தது அவ்வாறே. அறப்பளீசுவரர் கோயிலருகே பக்தர்கள் பொரியிட்டு வணங்கும் மீன்களோ இன்றும் துள்ளுகின்றன. பொரிதான் அவற்றைக் காக்கிறது என்பார்க்கு விடை கூறி இடத்தை வீணாக்க வேண்டியதில்லை.

அய்யாறு சென்று சேரும், திருவரங்கத் தீவைச் சூழும் காவிரி நீர் காரச்சார்புடையதாக இருப்பதைக் கொண்டு மலைநீரும் பழுதற்றது என்று வாதிப்போருடனும் எனக்கு உடன்பாடில்லை. மேட்டூரிலிருந்து வரும் பெருநீரும் சமவெளியின் சுக்காங்கல்லும் தலைநீரின் தடயத்தை நெடுந்தொலைவுக்கு முன்பே அழித்துவிடுகின்றன.

அய்யாற்றில் அமிலமாதலைத் தேடித்தான் ஆக வேண்டுமென்றால், சுரங்கக் குழிகளை விட்டு மரவள்ளிக் காடுகளுக்குச் செல்வது தகும். சாமையும் தினையும் விளைந்த சரிவுகளில் மரவள்ளி பரவியபின், அதற்கு இடப்படும் யூரியா முதலிய உரங்கள் மண்ணில் நைட்ரேட்டாக மாறும்போது அமிலம் பிறக்கிறது. ஐப்பசியின் முதல் வெள்ளத்தில் நைட்ரேட்டையும் சல்பேட்டையும் கார இருப்பையும் ஒருசேர அளந்தால், குற்றம் எத்திசையிலிருந்து வருகிறது என்பது தெரியும்; நைட்ரேட்டின் திசை என்பதே என் எதிர்பார்ப்பு.