பட்டாசு ஊரும் சத்தம் போடாத பெட்டியும்

பட்டாசு ஊர்ப் பக்கத்துக்காரன் சத்தமே போடாத கம்ப்யூட்டரைப் பத்தி எழுதுறானேன்னு சிரிக்காதீங்க மக்களே. வெடிச் சத்தம் தீபாவளிக்கு ரெண்டு நாள்தான். சி.பி.யு. ஃபேன் சத்தம் வருசம் பூரா :-)

ஃபேன் சத்தம் காதுக்குத் தொல்லை, அவ்வளவுதானேன்னு நினைச்சா அது குளிர் நாட்டுக்காரன் பிரச்சினை. விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பக்கம் அது வெயில், புழுதி, கரண்ட் மூணோடயும் சம்பந்தப்பட்டது. சிவகாசிக்குத் தீப்பெட்டி ஏன் வந்தது? வானம் பார்த்த பூமி, மழை கம்மி, காத்துல ஈரம் கம்மி. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழிலைக் கத்துக்கிட்டு வந்து, 1923-ல் இங்கே ஆரம்பிச்சப்போ அந்தக் காய்ஞ்ச காத்தே பாதி மூலதனம். மருந்து நமத்துப் போகாது, ஒட்டின தாள் சட்டுனு காயும். ஆனா கம்ப்யூட்டருக்கு அதே காத்துதான் எமன். கரிசல் புழுதி ஹீட் சிங்க் தகடுகளுக்கு நடுவுல போய் அப்பிக்கும். சூடு வெளியே போகாது. ஃபேன் இன்னும் வேகமாச் சுத்தும், இன்னும் புழுதியை இழுக்கும். காத்தாடின்னு பேரு, செய்யிறது உறிஞ்சற வேலை!

இதுல 2004 வாக்குல வந்த பென்டியம் 4 பிரெஸ்காட் சில்லு இருக்கே, அது மட்டுமே 100 வாட் வாக்குல சூட்டைக் கக்கும். சில மாடல் 115 வாட் வரைக்கும். சித்திரை மாசம் அறையே 40 டிகிரியில இருக்கறப்போ அதைப் போய்க் குளிர வைக்கணும்னா எப்படி? இந்த மிஷினை வரைஞ்சவங்க மனசுல ஏ.சி. ரூம் இருந்துச்சு, நம்ம ஓட்டு வீடு இல்ல.

நம்ம வீட்டை மனசுல வச்சு வரைஞ்சவங்களும் இருந்தாங்க. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர்கள் சிலரும் என்கோர் சாஃப்ட்வேர் கம்பெனியும் சேர்ந்து 2001 ஏப்ரல்ல காட்டினாங்களே சிம்ப்யூட்டர், ஞாபகம் இருக்கா? உள்ளங்கை அளவு. 206 மெகாஹெர்ட்ஸ் ஸ்ட்ராங்ஆர்ம் சில்லு. உள்ளே லினக்ஸ். ஃபேனும் கிடையாது, ஹார்ட் டிஸ்க்கும் கிடையாது, அதனால சத்தமும் கிடையாது. விலை 9,000 ரூபாய்க்குள்ள இருக்கணும்னு குறி வச்சாங்க. ஒரு பெட்டியை ஊரே பொதுவா வச்சுக்கலாம். ஆளுக்கொரு ஸ்மார்ட் கார்டு சொருகினா அவங்கவங்க விவரம் வரும். படிக்கத் தெரியாதவங்களுக்கு வாய்விட்டுப் படிச்சுக் காட்ட 'த்வனி'ன்னு ஒரு மென்பொருள் வேற. இந்த ரெண்டு யோசனைக்காகவே அவங்களுக்கு ஒரு கும்பிடு போடலாம். "வேகம் எவ்வளவு"ன்னு கேக்காம "யாரு உக்காரப் போறா"ன்னு கேட்டாங்க.

ஆனா கடைக்கு வர 2004 மார்ச் ஆயிருச்சு. பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரிச்ச 'அமிடா' மாடல் கிட்டத்தட்ட பத்தாயிரத்துல ஆரம்பம். கலர் ஸ்கிரீன் வேணும்னா அதுக்கு ரெண்டு மடங்கு. 50,000 விக்கலாம்னு நினைச்சது 2005 வாக்குல 4,000 சொச்சத்துல நின்னுச்சு. அதுக்குள்ள செல்போன் எல்லார் பையிலயும் ஏறிருச்சு. சிம்ப்யூட்டர் 'தோல்வி'ன்னு ஒரே வார்த்தையில முடிக்கறவங்களை எனக்குப் பிடிக்காது. பந்தயம் பாதி ஓடறப்போ மைதானத்தையே மாத்திட்டாங்க, அவ்வளவுதான்.

நம்ம சென்னையில நடந்தது இன்னும் சுவாரசியம். 2004-ல் ராஜேஷ் ஜெயின், ஐ.ஐ.டி. அசோக் ஜுன்ஜுன்வாலா, அனலாக் டிவைசஸ் நிறுவனர்கள்ல ஒருத்தரான ரே ஸ்டாட்டா மூணு பேரும் சேர்ந்து நோவாட்டியம்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சாங்க. வீட்டுல செல்போன் ஜாதிச் சில்லு போட்ட சின்னப் பெட்டி மட்டும் இருக்கும். கணக்கு எல்லாம் எங்கேயோ உள்ள சர்வர்ல. கேபிள் டி.வி. மாதிரி மாசச் சந்தா. சத்தத்தையும் சூட்டையும் வைரஸையும் வீட்டை விட்டே வெளியேத்தற யோசனை! ஆனா அந்தப் பெட்டிக்கு உயிர் பிராட்பேண்ட் வயர்ல. பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வந்ததே 2005-ல் தான். வயர் அறுந்தா பெட்டி வெறும் பெட்டி.

இதே காலத்துல தைவான் வியா கம்பெனி 17 செ.மீ.க்கு 17 செ.மீ. அளவுல மினி-ஐ.டி.எக்ஸ். மதர்போர்டைக் கொண்டு வந்துச்சு (2001). அடுத்த வருசம் வந்த 533 மெகாஹெர்ட்ஸ் எப்பியா போர்டுல ஃபேனே இல்ல. அதை டோஸ்டர்லயும் பழைய ரேடியோவுலயும் திணிச்சு லினக்ஸ் ஓட்டறது உலகம் பூரா ஒரு பைத்தியமா இருந்துச்சு. 2008-ல் இன்டெல் ஆட்டம் போட்டு ஒரு போர்டு விட்டான் பாருங்க, செம காமெடி: சிபியு 4 வாட்தான், அதுக்கு ஃபேன் வேண்டாம், பக்கத்துல இருக்கற பழைய சிப்செட் 20 வாட்டுக்கு மேல தின்னதால அதுக்கு ஃபேன்! மாப்பிள்ளை சும்மா இருக்க, மாப்பிள்ளைத் தோழன் ஆடுன கதை.

சரியா அந்த 2008-ல் இருந்துதான் தமிழ்நாட்டுல மின்வெட்டு. 2012-ல் சென்னைக்கு வெளியே ஒரு நாளைக்குப் பாதி நேரத்துக்கு மேல கரண்ட் இல்லாத நாள் உண்டு. இங்கே ஒரு சின்னக் கணக்கு. 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் பேட்டரின்னா 1,800 வாட்-அவர். பாதிதான் எடுக்கணும்னு வச்சாலும் 900. பழைய பெட்டியும் குண்டு மானிட்டரும் சேர்ந்து 200 வாட். நாலரை மணி நேரத்துல காலி. 10 வாட் பெட்டின்னா அதே 900-ல் 90 மணி நேரம் வருது. இன்வர்ட்டர் தானே தின்கிறதையும் மானிட்டரையும் கழிச்சாக்கூட ராத்திரி பூரா தாங்கும். சத்தம் போடாத பெட்டி இங்கே ஆடம்பரம் இல்லேன்னு நான் சொல்றது இதை வச்சுத்தான்.

2012 பிப்ரவரி 29-ல் ராஸ்பெரி பை வந்துச்சு. 35 டாலர், ஏ.டி.எம். கார்டு அளவு, 5 வோல்ட் போன் சார்ஜர் போதும். சிம்ப்யூட்டர்காரங்க கேட்ட கேள்விக்குப் பதினோரு வருசம் கழிச்சு கேம்பிரிட்ஜ்ல இருந்து பதில்! விலை, சூடு, சத்தம் மூணும் தீர்ந்துச்சு. அப்போ நம்ம பக்கம் லினக்ஸ் பெருகியிருக்கணும்ல?

பெருகலை. காரணம் ஹார்ட்வேர் இல்ல, எழுத்து.

சிவகாசிக்கு வாங்க. காலண்டர், டைரி, பட்டாசு லேபிள், நோட்டு அட்டைன்னு ஊரே அச்சுக்கூடம். அங்கே உக்கார்ந்திருக்கற டி.டி.பி. ஆளுங்க கையில பேஜ்மேக்கர், கோரல் டிரா. ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரு எழுத்துரு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு குறியாக்கம். இங்கே அடிச்ச 'அ' அங்கே போனா வேற எதோ. 2010 கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டித்தான் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்-16-ஐயும் தரமா அறிவிச்சுச்சு. லினக்ஸ் பக்கம் பக்க வடிவமைப்புக்கு இருக்கற ஸ்கிரைபஸ்ல கொம்பும் காலும் ஒழுங்கா இடம் மாறி உக்காந்ததே 2017-ல் வந்த 1.5.3 சோதனைப் பதிப்புலதான், நிலையான 1.6.0 வர்றதுக்கு 2024 ஜனவரி ஆயிருச்சு. 'கோ'வை உடைச்சுப் போடற மென்பொருளை வச்சுக் கோவில் காலண்டர் அடிக்க முடியுமாய்யா? அந்த அச்சக ஆளை "லினக்ஸுக்கு வராத பழமைவாதி"ன்னு திட்டின இலவச மென்பொருள் அன்பர்களைப் பார்த்திருக்கேன். அவர் பக்கம்தான் நியாயம்.

அரசாங்கம் முயற்சி பண்ணாமலும் இல்ல. 2007 வாக்குல எல்காட் பள்ளிக்கூடங்களுக்கு சூசே லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டர் வாங்குச்சு. 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கின இலவச லேப்டாப்ல விண்டோஸோட, சென்னை சி-டாக் செஞ்ச பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. நல்ல வாய்ப்பு. ஆனா அந்தப் பாதியை என்ன செய்யறதுன்னு சொல்லித்தர ஆள் வேணும்ல? எனக்குத் தெரிஞ்ச பல பிள்ளைங்க படம் ஏத்த இடம் பத்தலைன்னு அதை அழிச்சுட்டாங்க.

இன்னிக்கு நிலைமை வேற. யூனிகோட் எழுத்துரு கொட்டிக் கிடக்குது, தமிழ்99 எந்த லினக்ஸ்லயும் அஞ்சு நிமிசத்துல வந்துரும். சென்னை ஐ.ஐ.டி.யில காமகோடி குழு செஞ்ச சக்தி சில்லு 2018-லயே லினக்ஸை ஓட்டிருச்சு. அது கடைச் சரக்கா வர்றப்போ பார்ப்போம்.

அதுவரைக்கும் செய்யணும்னு ஆசைப்படறவங்களுக்கு என் யோசனை: புதுசா எதுவும் வேண்டாம். ஆபீஸ்ல கழிச்சுக் கட்டுன, ஃபேன் இல்லாத தின் கிளையன்ட் பெட்டி சென்னை ரிச்சி தெருப் பக்கம் பழசாக் கிடைக்கும். ஒரு சின்ன எஸ்.எஸ்.டி., 4 ஜி.பி. மெமரி, டெபியன், எக்ஸ்.எஃப்.சி.இ. மெமரி கார்டை நம்பாதீங்க, நம்மூர்ச் சூட்டுக்கும் கரண்ட் போய்ப் போய் வர்றதுக்கும் தாங்காது. பெட்டியைச் சுவத்துல ஆணியடிச்சு, தரையில இருந்து நாலடி மேல, ஓட்டுச் சூடு படாத பக்கமாத் தொங்கவிடுங்க. கரிசல் புழுதி நாலடிக்கு மேல கொஞ்சம் கம்மி.